திரை இல்லாத போர்டில் ஓஎஸ் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக எஸ்டிஎம்32எஃப்4 டிஸ்கவரி என்ற மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கம்ப்யூட்டர்) போர்டு வாங்கியிருக்கிறீர்கள். மூன்று சென்சாரைப் படித்து எஸ்டி கார்டில் எழுதும் டேட்டா லாக்கர் செய்ய வேண்டும். நட்எக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ்ஸை இறக்கி, கம்பைல் செய்து, போர்டில் ஃப்ளாஷும் செய்துவிட்டீர்கள், அதாவது சிப்பின் நிரந்தர நினைவகத்தில் எழுதிவிட்டீர்கள். எங்கும் பிழை வரவில்லை. அப்புறம் லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. போர்டு பழுதா, ஃப்ரீஆர்டாஸ் என்ற இன்னொரு ஓஎஸ்ஸுக்கு மாறிவிடலாமா, பேசாமல் லினக்ஸையே போட முடியாதா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம் என்றுதான் எனக்குப் படுகிறது: திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு போர்டில் ஓஎஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அது ஓடுகிறது என்று எதை வைத்து நம்புவது?

பதினான்கு வருடமாக மைக்ரோகண்ட்ரோலரோடுதான் என் பிழைப்பு. இதே போர்டை வைத்துப் பல பேருக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். நேரில் பார்க்காத போர்டைப் பழுதில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுதி: ஃப்ளாஷ் பிழையில்லாமல் முடிந்திருக்கிறது என்றால் சிப்புக்கு மின்சாரம் போகிறது, சிப் பதில் சொல்கிறது. செத்த சிப்பில் எழுத முடியாது. எனவே பெரும்பாலும் உங்கள் போர்டில் நட்எக்ஸ் இந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது பேசும் வாய் ஒரு பக்கம், நீங்கள் காது வைத்திருப்பது இன்னொரு பக்கம்.

விஷயம் இதுதான். நீங்கள் மினி யூஎஸ்பி கேபிளை மாட்டியிருக்கும் இடம், போர்டின் மேல்பக்கம் இருக்கும் எஸ்டி-லிங்க் என்ற தனிச் சிப்புக்குச் சொந்தம். ஃப்ளாஷ் செய்யவும், பிழை தேடும் டீபக் வேலைக்கும்தான் அது. இந்த போர்டின் பழைய பதிப்பில் அந்த எஸ்டி-லிங்க்குக்கு சீரியல் போர்ட் (எழுத்துகளை பிட் பிட்டாக அனுப்பும் வழி) வசதியே கிடையாது. புதிய பதிப்பில் வசதி உண்டு, லேப்டாப்பில் ஒரு சீரியல் போர்ட் தெரியவும் செய்யும். ஆனால் அந்தக் கோடுகள் மெயின் சிப்பின் யூசார்ட்டோடு (சிப்புக்குள் இருக்கும் சீரியல் பகுதி) போர்டில் இணைக்கப்படவில்லை. அதனால் போர்ட்டைத் திறந்தால் மௌனம்தான். நியூக்ளியோ என்ற இன்னொரு வகை போர்டில் பழகியவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் ஒருமுறை நிற்பார்கள், ஏனென்றால் அங்கே அந்த இணைப்பு போர்டிலேயே இருக்கும்.

நட்எக்ஸில் இந்த போர்டுக்கான ‘என்எஸ்ஹெச்’ கான்ஃபிக் (நட்ஷெல் என்ற கட்டளை ஷெல்லோடு வரும் தயார் அமைப்பு), தன் கன்சோலை, அதாவது எழுத்து வந்து போகும் வழியை, யூசார்ட்2-ல் வைத்திருக்கிறது. பிஏ2 பின்னில் அது அனுப்பும், பிஏ3 பின்னில் வாங்கும். வேகம் (பாட் ரேட்) 115200. பின் பெயர்கள் போர்டிலேயே அச்சாகியிருக்கின்றன. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் யூஎஸ்பி-டிடிஎல் கன்வர்ட்டர் ஒன்றை வாங்குங்கள், 3.3 வோல்ட் நிலைக்கு மாற்றக்கூடியதாக இருக்கட்டும். கன்வர்ட்டரின் ஆர்எக்ஸ் (வாங்கும் பின்) போர்டின் பிஏ2-க்கு, கன்வர்ட்டரின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) பிஏ3-க்கு, இரண்டின் கிரவுண்டும் ஒன்றோடொன்று. கிரவுண்டை மறந்துவிட்டு, டெர்மினலில் வரும் குப்பை எழுத்துகளைப் பார்த்து பாட் ரேட்டை மாற்றி மாற்றி ஒரு மாலையைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கன்வர்ட்டரின் மின்சார ஒயரை மட்டும் மாட்ட வேண்டாம். போர்டுக்குத் தன் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் வருகிறது. இணைத்துவிட்டு கறுப்பு ரீசெட் பட்டனை அழுத்துங்கள், நட்ஷெல்லின் ப்ராம்ப்ட் வந்துவிட வேண்டும்.

கன்வர்ட்டர் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. போர்டில் நான்கு விளக்குகள் கூட்டல் குறி வடிவில் இருக்கின்றன: பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, நீலம். உங்கள் புரோகிராம் அவற்றைக் கையில் எடுக்காதவரை நட்எக்ஸ் தன் நிலைமையைச் சொல்ல அவற்றைப் பயன்படுத்தும். பூட் ஆகும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சேர்க்கை. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டால் சிவப்பு நின்று எரியும், பச்சை மிக மங்கலாகத் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பச்சையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அது பழுதான விளக்கு இல்லை. டைமர் இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் சைகை) வரும் ஒவ்வொரு முறையும் நட்எக்ஸ் உள்ளே நுழையும்போது பச்சையை ஏற்றி, வெளியே வரும்போது அணைக்கிறது. நொடிக்கு நூறு முறை, ஒவ்வொரு முறையும் கண நேரம்தான். அந்தக் கணங்கள் எல்லாம் சேர்ந்துதான் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகின்றன. ஓர் ஓஎஸ்ஸின் நாடித்துடிப்பை வெறும் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் இது. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். நீலம் சிமிட்டினால் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) கைவிரித்துவிட்டது என்று அர்த்தம். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் அசையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பூட் ஆகும் வழியில் எங்கோ நின்றிருக்கிறது.

ஒரு விளக்கும் எரியவில்லை என்றால், ஃப்ளாஷ் செய்த ஃபைலைச் சந்தேகப்படுங்கள். பில்டு முடிந்ததும் நட்எக்ஸ் ஃபோல்டரில் இரண்டு ஃபைல் இருக்கும்: ‘நட்எக்ஸ்’ என்ற பெயரில் எல்ஃப் ஃபைல் (டூல்களுக்கான கூடுதல் விவரங்களோடு இருப்பது), ‘டாட் பின்’ (.bin) என்று முடியும் பைனரி ஃபைல். எழுத வேண்டியது பைனரியை, ஹெக்ஸ் கணக்கில் 08000000 என்ற முகவரியில். எல்ஃப் ஃபைலை அப்படியே பைனரி போல எழுதினாலும் டூல் பிழை சொல்லாது, சிப்புக்கு மட்டும் அது புரியாது. பைனரியை ஹெக்ஸ் டம்ப்பில் (பைட்டுகளை ஹெக்ஸ் எண்களாகக் காட்டும் டூலில்) திறந்து முதல் 8 பைட்டைப் பாருங்கள். கார்டெக்ஸ்-எம் சிப் (உங்களுடையதும் அந்த வகைதான்) விழித்ததும் செய்யும் முதல் காரியம், அந்த எட்டு பைட்டைப் படிப்பது. முதல் நான்கு, ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் இடம்) எங்கே என்று சொல்கிறது. அடுத்த நான்கு, எந்த முகவரியிலிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்று சொல்கிறது. எண்கள் பின்னாலிருந்து எழுதப்பட்டிருக்கும் என்பதால், நான்காவது பைட் 20 என்று இருக்க வேண்டும் (ரேம் அங்கேதான் தொடங்குகிறது), எட்டாவது பைட் 08 என்று இருக்க வேண்டும் (ஃப்ளாஷ்), ஐந்தாவது பைட் ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் கடைசி பிட் 1 என்றால்தான் தம்ப் கட்டளைகள் (இந்தச் சிப்புக்குப் புரியும் ஒரே கட்டளை வகை) என்று சிப் எடுத்துக்கொள்ளும். இந்த மூன்றும் சரியாக இருந்து, சரியான முகவரியில் எழுதியும் இருந்தால், சிப் உங்கள் பைனரிக்குள் நுழைந்துவிடும். அதன் பிறகு எது நடந்தாலும் அது சாஃப்ட்வேர் கதை.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது ஃப்ளாஷே ஆகவில்லை என்றால், கேபிளுக்கு அடுத்து இரண்டு இடத்தைப் பாருங்கள். சிஎன்3 என்ற இடத்தில் இரண்டு ஜம்பரும் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஸ்டி-லிங்க் வெளியே இருக்கும் வேறொரு போர்டைத் தேடும். ஜேபி1 என்ற ஜம்பர், சிப் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று அளப்பதற்கானது. அதைக் கழற்றினால் மெயின் சிப்புக்கு மின்சாரமே போகாது. லேபில் யாரோ அளந்துவிட்டு ஜம்பரைத் திரும்ப மாட்டாமல் போக, நல்ல போர்டு ஒன்று ‘பழுது’ பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது அடியில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் ஓஎஸ்ஸை முதலில் நிறுவுகிறோம், பிறகு அதன் மேல் புரோகிராம்களை ஓட்டுகிறோம். புரோகிராம் தனி ஃபைல், ஓஎஸ் தனி. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மைக்ரோகண்ட்ரோலருக்கு வந்தால் எல்லாமே குழப்பும். இங்கே ஓஎஸ்ஸும் உங்கள் புரோகிராமும் ஒன்றாகக் கம்பைல் ஆகி, ஒன்றாக லிங்க் ஆகி, ஒரே பைனரியாக ஃப்ளாஷில் இறங்குகின்றன. நட்ஷெல்லில் ‘ஹலோ’ என்று தட்டினால் அது எந்த டிஸ்க்கிலிருந்தும் ஃபைலை எடுப்பதில்லை. பில்டு ஆகும்போதே உங்கள் ‘மெயின்’ ஃபங்ஷன் ‘ஹலோ மெயின்’ என்று பெயர் மாறி, பெயரும் முகவரியும் உள்ள ஓர் அட்டவணையில் ஏறிவிடுகிறது. ஷெல் அந்த அட்டவணையில் தேடி, அந்த முகவரியில் புது டாஸ்க் (தனியாக ஓடும் ஒரு வேலை) ஒன்றைத் தொடங்குகிறது. மெனுகான்ஃபிக் என்ற, பில்டில் எது சேர வேண்டும் என்று தேர்வு செய்யும் மெனுவில் அந்த உதாரணத்தைத் தேர்வு செய்யாமல் பில்டு செய்திருந்தால் ‘ஹலோ’ என்ற கட்டளையே இருக்காது. ஒரு புரோகிராமைச் சேர்க்க வேண்டுமென்றால் முழுதும் மறுபடி பில்டு, மறுபடி ஃப்ளாஷ்.

இதன் மறுபக்கம்தான் முக்கியம். சாதாரண பில்டில் கெர்னலுக்கும் உங்கள் புரோகிராமுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரு பாயிண்டர் தப்பினால் அது கெர்னலின் பட்டியலையே கலைத்துவிடலாம், தடுக்க ஆளில்லை. இந்தச் சிப்பில், தொடக் கூடாத நினைவகத்தைத் தொடவிடாமல் தடுக்கும் மெமரி ப்ரொடெக்‌ஷன் யூனிட் இருக்கிறது, நட்எக்ஸில் அதைப் பயன்படுத்தும் தனி பில்டு முறையும் உண்டு. முதல் ப்ராஜெக்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சுவர் இல்லாத வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து நடந்தால் போதும்.

அப்படியானால் ஓஎஸ் என்னதான் தருகிறது என்று கேட்பீர்கள். நீங்கள் ப்ராம்ப்டில் ஒரு எழுத்தைத் தட்டும்போது நடப்பதை மெதுவாகப் பாருங்கள். அதற்கு முன் ஷெல் டாஸ்க் தூங்கிக்கொண்டிருக்கிறது. ‘எழுத்து வந்தால் எழுப்பு’ என்று சொல்லிவிட்டு ஒரு செமஃபோரில் (டாஸ்க்கைக் காக்க வைத்து எழுப்பும் கொடி) காத்திருக்கிறது. சிப்பில் வேறு வேலை இல்லாததால் ஐடில் டாஸ்க் மட்டும் சுற்றுகிறது. பிஏ3 பின்னில் எழுத்து பிட் பிட்டாக வந்து முடிந்ததும் யூசார்ட்2 இன்டரப்ட் எழுப்புகிறது. டிரைவர் அந்த எழுத்தை எடுத்து ஒரு வட்ட பஃபரில் போட்டு, செமஃபோரைத் தட்டிவிடுகிறது. ஷெல்லின் முன்னுரிமை ஐடிலைவிட அதிகம் என்பதால், இன்டரப்ட் முடிந்து சிப் திரும்பும்போது ஐடிலுக்குத் திரும்பாமல் ஷெல்லுக்குத் திரும்புகிறது. ஷெல் எழுத்தை வாங்கி, திரையில் எதிரொலித்துவிட்டு மறுபடி தூங்கப் போகிறது. உங்கள் டேட்டா லாக்கர் முழுக்க இந்த ஒரு ஓட்டம்தான், எழுத்துக்குப் பதிலாக சென்சார். கார்டு எழுதி முடிக்கக் காத்திருக்கும் டாஸ்க் தூங்கும்போது, சென்சார் படிக்கும் டாஸ்க் தன் நேரத்துக்கு ஓடும். ஓஎஸ் இல்லாமல் ஒரே பெரிய லூப்பில் எழுதினால், எஸ்டி கார்டு திடீரென்று எழுத நேரம் எடுக்கும்போதெல்லாம் (எடுக்கும், கார்டுக்குள் நடக்கும் உள்வேலை நம் கையில் இல்லை) சென்சார் வாசிப்பு தள்ளிப்போகும். உங்கள் ப்ராஜெக்டுக்கு ஓஎஸ் தேவையா என்று யாராவது வைவாவில் கேட்டால், சொல்ல வேண்டிய காரணம் இது.

இனி நினைவகம். இந்த விஷயத்தில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. உங்கள் சிப் எஸ்டிஎம்32எஃப்407விஜி: 168 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ்-எம்4, 1 எம்பி ஃப்ளாஷ், 192 கேபி ரேம். அந்த 192 ஒரே துண்டு இல்லை. 128 கேபி ஒரு பக்கம், சிசிஎம் என்று சொல்லும் 64 கேபி வேறொரு முகவரியில் தனியாக இருக்கிறது. சிசிஎம் சிப்பின் மையத்தோடு நேரடியாக இணைந்தது. வேகமானது, ஆனால் டிஎம்ஏ (சிப்பின் மையம் தலையிடாமல் டேட்டாவை நகர்த்தும் பகுதி) அங்கே போக முடியாது. இதை டேட்டாஷீட்டில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோய்விடுவோம். ஒரு ப்ராஜெக்டில் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) வாசிப்புகளை டிஎம்ஏ மூலம் ஒரு பஃபரில் நிரப்பிக்கொண்டிருந்தேன், பஃபரை ஹீப்பிலிருந்து (ஓடும்போது கேட்டு வாங்கும் ரேம்) வாங்கியிருந்தேன். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் சம்பந்தமே இல்லாத ஒரு மெனுவைச் சேர்த்தேன், அன்றிலிருந்து எல்லா வாசிப்பும் பூஜ்யம். ஏடிசியை, ஒயரை, சென்சாரை என்று வரிசையாகச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போனது. கடைசியில் பஃபரின் முகவரியை அச்சடித்துப் பார்த்தேன். அது 10 என்று தொடங்கியது, 20 என்று இல்லை. மெனு சேர்ந்ததில் ஹீப்பின் அமைப்பு மாறி, பஃபர் சிசிஎம்முக்குள் போய் உட்கார்ந்திருந்தது. டிஎம்ஏ அங்கே எழுத முடியாமல் ஒவ்வொரு முறையும் பிழைக் கொடியை உயர்த்தியிருக்கிறது, நான் அந்தக் கொடியைப் படிக்கவே இல்லை. நட்எக்ஸின் மெனுகான்ஃபிக்கில் சிசிஎம்மை ஹீப்பிலிருந்து விலக்கும் தேர்வு இருக்கிறது. டிஎம்ஏ பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். 64 கேபி போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம், உங்கள் லாக்கருக்கு 128 தாராளம்.

பில்டு முடிந்ததும் சைஸ் டூலை எல்ஃப் ஃபைலின் மேல் ஓட்டி மூன்று எண்களைப் பாருங்கள். டெக்ஸ்டும் (கட்டளைகள்) டேட்டாவும் (தொடக்க மதிப்புள்ள மாறிகள்) சேர்ந்தது ஃப்ளாஷில் போகும் அளவு. டேட்டாவும் பிஎஸ்எஸ்ஸும் (பூஜ்யத்தில் தொடங்கும் மாறிகள்) சேர்ந்தது பூட் ஆகும்போதே ரேமில் பிடித்துக்கொள்ளும் அளவு. மிச்ச ரேம்தான் ஹீப். ஒவ்வொரு டாஸ்க்கின் ஸ்டாக்கும் அந்த ஹீப்பிலிருந்துதான் போகிறது. ஷெல்லில் ‘ஃப்ரீ’ என்று தட்டினால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். ஒரு நோட்டில் இந்த எண்களைத் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தால், எந்த மாற்றம் எவ்வளவு தின்றது என்று பிறகு தேட வேண்டியிருக்காது.

ஸ்டாக் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. நட்எக்ஸில் ஒரு டாஸ்க்குக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டாக் 2048 பைட். கம்ப்யூட்டரில் 8 எம்பி ஸ்டாக்கில் பழகிய கை, ஃபங்ஷனுக்குள் ஆயிரம் பைட் அரே ஒன்றைச் சாதாரணமாக எழுதிவிடும். அதன் மேல் ஒரு பிரிண்ட்எஃப் கூப்பிட்டால் எல்லை தாண்டும், பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று கெடும், ஆனால் விழுவது வேறெங்கோ, பத்து நிமிடம் கழித்து. ஸ்டாக் கலரேஷன் என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள். டாஸ்க் தொடங்கும் முன் ஸ்டாக் முழுவதும் ஒரு தெரிந்த எண்ணால் நிரப்பப்படும். எந்த ஆழம் வரை அந்த எண் அழிந்திருக்கிறது என்று பார்த்து, அதிகபட்சம் எவ்வளவு பயன்பட்டது என்று ‘பிஎஸ்’ கட்டளை சதவீதமாகக் காட்டும். லாக்கரை ஓர் இரவு முழுக்க ஓட விட்டு, காலையில் பிஎஸ் பாருங்கள். எண்பது சதவீதத்தைத் தாண்டிய டாஸ்க்குக்கு ஸ்டாக்கைக் கூட்டுங்கள், முப்பதில் நிற்பதற்குக் குறைக்கலாம். இதை ஊகித்துச் செய்யக் கூடாது, அளந்துதான் செய்ய வேண்டும்.

சென்சார் மதிப்பை தசமத்தோடு அச்சடிக்கப்போனால் இன்னொன்று வரும்: எண்ணுக்குப் பதிலாக இரண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவே ‘ஃப்ளோட்’ என்ற சொல் திரையில் தெரியும். இடத்தை மிச்சப்படுத்த, பிரிண்ட்எஃப்பில் தசம எண் வசதி அணைத்து வைக்கப்பட்டிருப்பதன் விளைவு அது. மெனுகான்ஃபிக்கில் சி லைப்ரரி பகுதியில் ஏற்றிக்கொள்ளலாம். நான் ஏற்றுவதில்லை. 27.5 டிகிரியை 275 என்று முழு எண்ணாகவே கார்டில் எழுதிவிட்டு, லேப்டாப்பில் பத்தால் வகுத்துக்கொள்வேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நட்எக்ஸின் இயல்பான டிக் (ஓஎஸ் நேரத்தை எண்ணும் அடிப்படை அளவு) 10 மில்லி விநாடி. யூஸ்லீப் என்ற தூங்கவைக்கும் ஃபங்ஷனுக்கு 1 மில்லி விநாடி கொடுத்தால் அது 10-க்கும் 20-க்கும் நடுவே எங்கோதான் எழும், ஏனென்றால் கேட்டதைவிடக் குறைவாக ஒருபோதும் தூங்கக் கூடாது என்பது போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான தரநிலை) விதி, அதனால் ஒரு டிக் கூட்டியே கணக்கிடுகிறது. நொடிக்கு ஒரு வாசிப்பு எடுக்கும் லாக்கருக்கு இது பொருட்டில்லை. நொடிக்கு நூறு எடுக்க வேண்டுமென்றால் டிக்கை 1 மில்லி விநாடியாகக் குறைக்கலாம், அதைவிட நல்லது ஹார்டுவேர் டைமரையே சென்சாரைத் தட்டவிடுவது.

புரோகிராம் விழுந்தால் பயப்பட வேண்டாம். கன்சோலில் ரெஜிஸ்டர்களின் நீண்ட பட்டியல் கொட்டும். அதில் பிசி (ஓடிக்கொண்டிருந்த கட்டளையின் முகவரி) என்ற ரெஜிஸ்டரின் எண்ணை மட்டும் எடுத்து, டூல்செயினோடு வரும் அட்ரெஸ்-டு-லைன் டூலுக்கு எல்ஃப் ஃபைலோடு கொடுங்கள். டீபக் சிம்பல்களோடு பில்டு செய்திருந்தால், எந்த ஃபைலில் எந்த வரியில் விழுந்தது என்று சொல்லிவிடும். விழுந்த இடம் எப்போதுமே தப்பு நடந்த இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த பைனரியை ஃப்ளாஷ் செய்தீர்களோ அதே பில்டின் எல்ஃப் ஃபைல் வேண்டும் என்பதால் பழையவற்றை அழித்துவிடாதீர்கள்.

ஃப்ரீஆர்டாஸுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ரிச்சர்ட் பேரி 2003 வாக்கில் தொடங்கியது அது. 2017-ல் அமேசான் கைக்கு வந்து, எம்ஐடி லைசென்ஸுக்கு மாறியது. அடிப்படையில் அது ஒரு கெர்னல்: டாஸ்க், க்யூ, செமஃபோர், டைமர். சிறியது, ஒரு வாரத்தில் முழு சோர்ஸ் கோடையும் படித்துவிடலாம், வேலைக்கான இன்டர்வியூவில் அதிகம் கேட்பதும் அதைத்தான். ஃபைல் சிஸ்டம், எஸ்டி கார்டு டிரைவர், சென்சார் டிரைவர் எல்லாம் நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும். நட்எக்ஸ் வேறு மாதிரி. கிரெகரி நட் 2007-ல் வெளியிட்டார், 2019 இறுதியில் அப்பாச்சி ஃபவுண்டேஷனின் இன்குபேட்டருக்குள் (புது ப்ராஜெக்டுகளின் தொடக்க நிலை) வந்து, 2022-ல் முழு ப்ராஜெக்டாக ஆனது. லினக்ஸில் பழகிய ஓப்பன், ரீட், ரைட், பித்ரெட் எல்லாம் அப்படியே இருக்கும். சென்சார் ஒரு டிவைஸ் ஃபைலாகத் தெரியும், கார்டை மவுண்ட் செய்து ஃபைலாகவே எழுதலாம். பிக்ஸ்ஹாக் போர்டில் ஓடும் பிஎக்ஸ்4 என்ற ட்ரோன் சாஃப்ட்வேர் நட்எக்ஸின் மேல்தான் நிற்கிறது, அதனால் இது விளையாட்டுப் பொருள் இல்லை. லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2016-ல் தொடங்கிய செஃபிர் என்ற ஓஎஸ்ஸும் இந்த போர்டில் ஓடும். ப்ளூடூத் மாதிரி ரேடியோ வேலை என்றால் பலர் அங்கேதான் போகிறார்கள். நான் செஃபிரில் உதாரணங்களைத் தாண்டி ஒரு முழுப் பொருளைச் செய்து முடித்ததில்லை, அதனால் அதைப் பற்றி நீட்ட மாட்டேன்.

மாறினால் உங்கள் இப்போதைய சிக்கல் தீருமா? தீராது. ஃப்ரீஆர்டாஸில் கன்சோலும் அதே பிஏ2 வழியாக, அதே ஒயரில்தான் வரப்போகிறது. கூடவே அங்கே வேறொரு பொறி இருக்கிறது. இன்டரப்டுக்குள்ளிருந்து க்யூவில் போட வேண்டுமென்றால், அந்த இன்டரப்டின் முன்னுரிமை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். கார்டெக்ஸ்-எம்மில் முன்னுரிமை எண் சிறியதாக இருந்தால் அதிகாரம் அதிகம், டாஸ்க் முன்னுரிமையில் அதற்கு நேர் எதிர். இந்தத் தலைகீழைக் கவனிக்காமல் விட்டால் எப்போதாவது, காரணமே தெரியாமல் கெர்னல் சிதையும். ஆகவே உங்களுக்கு என் யோசனை, ஃபைலில் எழுதும் லாக்கருக்கு நட்எக்ஸிலேயே இருங்கள். ப்ராஜெக்ட் முடிந்ததும் இதே லாக்கரின் சென்சார் பகுதியை மட்டும் ஃப்ரீஆர்டாஸில் மறுபடி எழுதிப் பாருங்கள். ஒரே வேலையை இரண்டிலும் செய்து பார்த்தவருக்குத்தான் கெர்னல் எங்கே முடிகிறது, ஓஎஸ் எங்கே தொடங்குகிறது என்று புரியும்.

லினக்ஸ் இந்த போர்டில் நடக்காது. வழக்கமான லினக்ஸுக்கு மெமரி மேனேஜ்மென்ட் யூனிட் (ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி முகவரி உலகம் தரும் பகுதி) வேண்டும், இந்தச் சிப்பில் அது இல்லை. அது இல்லாமல் ஓடும் லினக்ஸ் வடிவம் இருக்கிறது, இதே குடும்பத்தின் எஸ்டிஎம்32எஃப்429 டிஸ்கவரியில் ஓட்டியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த போர்டில் வெளியே தனியாக 8 எம்பி எஸ்டிரேம் (கூடுதல் ரேம் சிப்) இருக்கிறது. உங்களிடம் இருப்பது 192 கேபி.

கார்டை இணைக்கும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் போர்டில் கார்டு ஸ்லாட் இல்லை, எஸ்பிஐ (சில ஒயர்களில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) வழியாக ஒரு மாட்யூலை மாட்ட வேண்டும். எஸ்பிஐ1 கோடுகளில் போர்டிலேயே ஓர் ஆக்சிலரோமீட்டர் இருக்கிறது, அதனால் எஸ்பிஐ2-ல் மாட்டினால் தொல்லை குறைவு. மெனுகான்ஃபிக்கில் எஸ்பிஐ2, எம்எம்சி-எஸ்டி (கார்டு டிரைவர்), ஃபேட் (ஃபைல் சிஸ்டம்) மூன்றையும் ஏற்றுங்கள், போர்டுக்கான சோர்ஸ் ஃபைலில் எந்தப் பின் சிப் செலெக்ட் (கார்டைத் தேர்ந்தெடுக்கும் ஒயர்) என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரை ஒரு சாணுக்குமேல் நீட்டாதீர்கள், முதலில் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். எழுதும் டாஸ்க் சில நொடிக்கு ஒருமுறை எஃப்சிங்க் (ரேமில் இருப்பதைக் கார்டில் எழுதவைக்கும் ஃபங்ஷன்) கூப்பிடட்டும். மின்சாரம் போகும்போது ரேமில் தங்கியிருக்கும் பகுதி போய்விடும் என்பதால், எவ்வளவு நேர வாசிப்பை இழக்கத் தயார் என்று நீங்களே முடிவு செய்து அந்த இடைவெளியை வையுங்கள்.

கன்வர்ட்டர் வாங்க மனமில்லை என்றால் ஒரு வழி உண்டு. இதே போர்டுக்கு ‘யூஎஸ்பி என்எஸ்ஹெச்’ என்ற கான்ஃபிக் இருக்கிறது. அதை பில்டு செய்து ஃப்ளாஷ் செய்தபின், எதிர்ப்பக்கம் இருக்கும் மைக்ரோ யூஎஸ்பியில் இரண்டாவது கேபிளை மாட்டினால் லேப்டாப்பில் சீரியல் போர்ட்டாகத் தெரியும். திறந்ததும் எதுவும் வராது, என்டரை மூன்று முறை தட்டினால்தான் ப்ராம்ப்ட் வரும். ஆனால் யூஎஸ்பி எழுந்து நிற்கும் முன்பே ஏதாவது விழுந்தால் அதைப் பார்க்க வழியில்லை, அதனால் கடைசியில் ஒயர் கன்சோல் தேவைப்படும்.

இன்று இரவு அறை விளக்கை அணைத்து அந்தப் பச்சையைப் பாருங்கள். நாளை ஒயரை மாட்டியதும் ‘பிஎஸ்’, ‘ஃப்ரீ’ இரண்டையும் தட்டி, வந்ததை அப்படியே இங்கே ஒட்டுங்கள். ப்ராம்ப்ட் வரவில்லை என்றால் எந்த விளக்கு எந்த நிலையில் நிற்கிறது, பைனரியின் முதல் 8 பைட் என்ன, போர்டின் பின்பக்கம் அச்சாகியிருக்கும் பதிப்பு எண் என்ன என்று எழுதுங்கள். அந்த மூன்றையும் வைத்து அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.